கொழும்புல அந்த ஈஸ்டர் வாரம் (2019)

ஏப்ரல் 18, வியாழன்

திருச்சியில இருந்து கொழும்பு ஒரு மணி நேரம் கூட இல்ல, குடுத்த ஜூஸ குடிச்சு முடிக்கறதுக்குள்ள பெல்ட் போடுங்கன்னுட்டாங்க. அம்மாவுக்கு இதுல ஒரே ஏமாத்தம். தாத்தா காலத்துல ராத்திரி பூரா போட்மெயில்ல போய் தனுஷ்கோடியில இறங்கி கப்பல் ஏறி தலைமன்னார் போய் மறுபடியும் ரயில் புடிப்பாங்களாம், அப்படி போனாத்தான் கொழும்பு போன மாதிரி இருக்குமாம், சின்ன வயசுல இருந்து கேட்ட கதை. தாத்தா கொழும்புல செட்டியார் தெருவுல ஒரு கடையில கணக்கு எழுதிட்டு இருந்தவர், அறுபதுகள்ல ஊருக்கு வந்துட்டார். அந்த தெருவ ஒருதடவ பாத்துடணும்னு அம்மாவுக்கு ரொம்ப நாளா ஆசை. பயணத்துக்கு காரணம் அவ்வளவுதான்.

கட்டுநாயக்கவுல இறங்கினதும் புழுக்கம் அப்படியே மூஞ்சில அடிச்சுது. வெள்ளவத்தையில ஒரு ஃப்ளாட்ல ரூம் போட்டிருந்தோம், நாலாவது மாடி, காலி வீதின்னு (Galle Road) ஒரு மெயின் ரோடு, அதுல இருந்து கடல் பக்கம் இறங்கற ஒழுங்கை. வீட்டுக்காரம்மா யாழ்ப்பாணத்துக்காரங்க, அறுபது வயசு தாண்டியிருக்கும், ரெண்டு ரூம வாடகைக்கு விட்டுட்டு மிச்சத்துல இருக்காங்க. ஆன்ட்டின்னே எழுதறேன். ராத்திரி பத்தரைக்கு போய் நிக்கறோம், "சாப்பிட்டனீங்களோ பிள்ளை?"ன்னு கேட்டுட்டு பதிலுக்கு காத்திருக்காம புட்டும் கத்தரிக்கா குழம்பும் எடுத்து வெச்சுட்டாங்க. ரூம் வாடகையில சாப்பாடு கிடையாதுன்னு போட்டிருந்துச்சு, அத பத்தி யாருமே பேசல.

ஏப்ரல் 19, வெள்ளி

புனித வெள்ளியும் பௌர்ணமியும் ஒரே நாள்ல வந்துடுச்சு. இங்க எல்லா பௌர்ணமியும் போயா லீவு, அதுல கறிக்கடை மதுக்கடை எதுவும் திறக்க மாட்டாங்க. ஊரே தூங்கற மாதிரி இருந்துச்சு. காலையில 101ம் நம்பர் பஸ் புடிச்சு காலி முகத்திடல் (Galle Face, கடலோர மைதானம்) போனோம், கண்டக்டர் நாங்க தமிழ்ல கேட்டதும் கொஞ்சம் திணறி தமிழ்லயே மீதி சில்லறை சொன்னார். நம்ம ஊர் ரூபாய்க்கு அங்க ரெண்டரை ரூபா கிடைக்கும், அதனால முதல் நாள் எல்லாம் கொள்ளை விலையா தெரியும், அப்புறம் வகுத்து பாத்தா பரவால்ல. ஒரு செவ்விளநி 70 ரூபா. இறால் வடை 100 ரூபா, இறாலு தலையோட மீசையோட வடை மேல உக்காந்து நம்மள பாக்குது, போயா அன்னைக்கும் அத மட்டும் விக்கறாங்க.

சாயங்காலம் பட்டம் விடற கூட்டம். எதிர்த்தாப்புல ஷங்ரி-லா ஹோட்டல் புதுசா பளபளன்னு நிக்குது, அம்மா அண்ணாந்து பாத்துட்டு "இதுல ஒரு காபி என்ன விலை இருக்கும்?"னு கேட்டாங்க. ஒருநாள் காலையில பஃபே போலாமான்னு நான் சும்மா சொன்னேன். உனக்கு வேற வேலை இல்லன்னுட்டாங்க.

ஏப்ரல் 20, சனி

இந்த ஒரு நாளுக்காகத்தான் வந்தோம். காலையிலயே புறக்கோட்டை. அந்த குறுக்குத் தெருக்கள பத்தி என்ன எழுதறது, ஒரு தெரு பூரா துணி, ஒரு தெரு பூரா எலக்ட்ரிக் சாமான், மூட்டை தூக்கறவங்க கத்திக்கிட்டே ஓடி வருவாங்க நாமதான் ஒதுங்கணும், நடுவுல செவப்பும் வெள்ளையுமா கோடு போட்ட சம்மாங்கோட்டார் பள்ளிவாசல். தென்னிந்தியாவுல இருந்து வந்த முஸ்லிம் வியாபாரிங்க நூறு வருஷத்துக்கு முன்னால கட்டினது. அதுக்கு பக்கத்து தெருவுல ஒரு துணிக்கடையில அம்மா நுழைஞ்சாங்க, ஒண்ணரை மணி நேரம் ஆச்சு வெளிய வர.

கடைக்காரர் வயசானவர், தொப்பி, வெள்ளை தாடி. திருச்சின்னதும் நத்தர்ஷா தர்கா பத்தி விசாரிச்சார், அவங்க வாப்பாவோட ஊர் காயல்பட்டணமாம். ஸ்டூல் போட்டு இஞ்சி போட்ட ப்ளேன் டீ வரவெச்சார். 1,850 ரூபா பருத்தி சேலைய அம்மா 1,600க்கு கொண்டு வந்தாங்க, "தாத்தா பேர சொல்லி கொறச்சுட்டீங்களே"ன்னு அவர் சிரிச்சார். ஃபால்ஸ் தைச்சு திங்கக்கிழமை தரேன்னு சேலைய வெச்சுக்கிட்டு கார்டு குடுத்தார்.

செட்டியார் தெரு முழுக்க நகைக்கடைங்க. தாத்தா வேலை பாத்த கடை இல்ல, அந்த பேர் கேள்விப்பட்ட ஆள் கூட இல்ல. அம்மா ஒவ்வொரு கட்டடமா நின்னு மேல்மாடி ஜன்னல பாத்துக்கிட்டு வந்தாங்க. கொஞ்ச தூரம் தள்ளி பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், முழுக்க கருங்கல், உள்ள நுழைஞ்சா ஊர்ல இருக்கற மாதிரி அந்த குளிர்ச்சி. நான் அங்கயே உக்காந்துட்டேன்.

அப்புறம் கொச்சிக்கடை அந்தோணியார் கோயில். நாங்க இந்துதான், ஆனா செவ்வாய்க்கிழமைன்னா அந்தோணியார்னு எங்க வீட்ல ஒரு பழக்கம், தாத்தா கொழும்புல கத்துக்கிட்டு வந்தது அதுன்னு அங்க போனப்புறம்தான் புரிஞ்சுது. ஏன்னா அங்க வரிசையில நின்னவங்கள்ல பாதி பேர் நெத்தியில திருநீறு, குங்குமம், பக்கத்துல ஒரு சிங்கள குடும்பம். டச்சுக்காரங்க கத்தோலிக்கத்த தடை பண்ணியிருந்த காலத்துல ஒரு சாமியார் வியாபாரி வேஷத்துல ஒளிஞ்சு வந்தாராம், கடல் ஊருக்குள்ள வருதுன்னு மீனவங்க அழுதப்ப கரையில சிலுவைய நட்டு வேண்டினாராம், கடல் பின்வாங்கிடுச்சாம், அந்த எடத்துலதான் கோயில்.

மறுநாள் ஈஸ்டர்ங்கறதால உள்ள துடைக்கறதும் பூ கட்டறதுமா ஒரே ஓட்டம். வாசல்ல மெழுகுவத்தி விக்கற ஒரு பாட்டி அம்மாகிட்ட "நாளைக்கு பூசைக்கு வாங்கம்மா, காலையில நல்லா இருக்கும்"னாங்க. அம்மா பாக்கலாம்னு தலையாட்டினாங்க. கால் வலி, திரும்ப அவ்வளவு தூரம் வர மாட்டாங்கன்னு எனக்கு தெரியும். ஆட்டோவுல திரும்பினோம், மீட்டர் போட்டு 420 ரூபா, டிரைவர் ரசீது வேணுமான்னு வேற கேட்டார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

இடியப்பம், சொதி, சம்பல். ஒன்பது மணி இருக்கும். ஆன்ட்டியோட ஃபோன் அடிச்சுது, கனடாவுல இருந்து தம்பி. இங்க நாங்க சாப்பிட்டுட்டு இருக்கோம், அங்க அவருக்கு ராத்திரி, அவர் சொல்லித்தான் கொழும்புல குண்டு வெடிச்சது எங்களுக்கு தெரியும். "எங்க? கொச்சிக்கடையோ?"ன்னு ஆன்ட்டி கேட்டதும் அம்மா கையில இருந்த இடியப்பத்த அப்படியே தட்டுல வெச்சுட்டாங்க.

டிவி போட்டோம். முதல்ல கொச்சிக்கடை, அப்புறம் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் கோயில், ஷங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி, அப்புறம் மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். ஒண்ண புரிஞ்சுக்கறதுக்குள்ள அடுத்த பேர் வருது. ஹோட்டல்கள்ல காலை பஃபே சாப்பிட்டுட்டு இருந்தவங்க. நேத்து துடைச்ச தரை, நேத்து நாங்க நின்ன தூண், ஓடு பேந்து வானம் தெரியுது. அம்மா பேசவே இல்ல, அந்த மெழுகுவத்தி பாட்டி எங்க உக்காந்திருந்தாங்கன்னு மட்டும் என்கிட்ட ரெண்டு மூணு தடவ கேட்டாங்க, இடது பக்கமா வலது பக்கமான்னு.

காலி வீதியில ஆம்புலன்ஸ் சத்தம் நிக்கவே இல்ல. நான் என்ன பண்றதுன்னு தெரியாம ஃபோன நோண்டிக்கிட்டு நிக்கறேன். ஆன்ட்டி எழுந்து போனாங்க. நான் அழப் போறாங்கன்னு நினைச்சேன். பாத்தா பாத்ரூம்ல வாளி வாளியா தண்ணி புடிக்கறாங்க. அப்புறம் எல்லார் ஃபோனையும் வாங்கி சார்ஜ்ல போட்டாங்க, அடுத்த ரூம்ல தங்கியிருந்த மன்னார் பையன கூப்பிட்டு பாண் (பிரெட்டு), பால்மா, பருப்பு, மெழுகுவத்தி, நெருப்புப்பெட்டி வாங்க காசு குடுத்து "ஓடு, இன்னும் அரை மணித்தியாலத்தில கடை பூட்டிப்போடுவான்"னாங்க. அலமாரி மேல இருந்து ஒரு பிஸ்கட் டின் இறங்குச்சு, அதுல அடையாள அட்டை, வீட்டு பத்திரத்தோட காப்பி, பழைய போலீஸ் பதிவு துண்டு. எங்க பாஸ்போர்ட்ட வாங்கி ஒரு கொப்பியில பேர், நம்பர், வந்த தேதி, என்னைக்கு போறோம், எல்லாம் எழுதி கையெழுத்து வாங்கினாங்க. "ஆமி வந்து கேட்டா நான் ஓடித்திரியக் கூடாது."

இத்தனையும் இருபது நிமிஷத்துல. கை நடுங்கல, குரல் உயரல. எப்படி ஆன்ட்டின்னு கேட்டேன். "சண்டை முடிஞ்சு பத்து வருசமாச்சு, மறந்துபோச்செண்டுதான் நினைச்சன் பிள்ளை. கை மறக்கேல்ல."

அவங்க சொன்னது சரி, அரை மணி நேரத்துல கடைங்க மூடிட்டாங்க. மன்னார் பையன் பாணோட வந்துட்டு மறுபடியும் கிளம்பினான், நாரஹேன்பிட்ட ரத்த வங்கிக்கு. சாயங்காலம் திரும்பி வந்து, ரத்தம் குடுக்க அவ்வளவு கூட்டம், போதும் போங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்கன்னான். வரிசையில புர்கா போட்ட பொண்ணுங்களும் பிக்கு ஒருத்தரும் நின்னாங்களாம், முன்னாடி யார் பின்னாடி யார்னு ஒரு சண்டையும் இல்லையாம்.

மத்தியானம் தெஹிவளையில ஒண்ணு, மிருகக்காட்சி சாலைகிட்ட ஒரு சின்ன விடுதியில. அது எங்களுக்கு அடுத்த ஊர், நடந்தே போலாம். எங்களுக்கு சத்தம் எதுவும் கேக்கல, சைரன் மட்டும் திசை மாறி தெக்க போச்சு. கொஞ்ச நேரத்துல தெமட்டகொடையில ஒரு வீட்டுல, சோதனை போட போன போலீஸ்காரங்க மூணு பேர் செத்துப்போனாங்க. ஆறு மணிக்குன்னு சொன்ன கர்ஃப்யூவ அப்பவே போட்டுட்டாங்க. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாத்தையும் முடக்கிட்டாங்க. ஊர்ல அப்பா, சித்தி, ஆஃபீஸ் ஆளுங்க எல்லாம் வாட்ஸ்அப்ல கூப்பிட்டு கூப்பிட்டு பாத்திருக்காங்க. கடைசியில சாதா கால்ல லைன் கிடைச்சப்ப அப்பா முதல்ல கேட்டது "ஏன் ஃபோன எடுக்க மாட்டேங்கறீங்க?" அதுவும் கோவமா. அப்புறம் ஒரு நிமிஷம் ரெண்டு பக்கமும் பேச்சே இல்ல, ஐ.எஸ்.டி. ரேட் ஓடிட்டு இருக்கு.

ராத்திரி பாணும் பருப்பும். ஒழுங்கையில ஒரு நாய் கூட குரைக்கல. ஏர்போர்ட் போற வழியில ஒரு குழாய்க்குண்டு கண்டுபிடிச்சு செயலிழக்க வெச்சதா பத்து மணி வாக்குல செய்தி.

ஏப்ரல் 22, திங்கள்

ஆறு மணிக்கு கர்ஃப்யூ எடுத்தாங்க. ஆன்ட்டி அஞ்சரைக்கே செருப்பு மாட்டிட்டு நிக்கறாங்க. முன்னூறு பேர் கிட்ட செத்துட்டாங்கன்னு செய்தி. மட்டக்களப்புல குண்டோட வந்தவன உள்ள விடாம வாசல்லயே ஒருத்தர் பேசி நிறுத்தி வெச்சிருக்கார், அவரும் போயிட்டார், ஆனா ஞாயிறு வகுப்பு முடிச்சு முற்றத்துல நின்ன பிள்ளைங்க மாட்டிக்கிச்சு. அங்க செத்ததுல 14 பேர் குழந்தைங்க. இத டிவியில தமிழ்ல வாசிச்ச பொண்ணு நடுவுல நிறுத்தி தண்ணி குடிச்சுது.

கண்டி போறதா இருந்தோம், அத பத்தி யாரும் பேச்சு எடுக்கல. அம்மா துணிக்கடைக்காரருக்கு ஃபோன் பண்ணாங்க, சேலை வாங்க வரலன்னு சொல்ல. அவர் "உம்மா, கடை தொறக்கல, நீங்க வெளிய எறங்கவே வேணாம், சேலை எங்கயும் போவாது"ன்னார். அவர் சொன்ன அன்னைக்கே புறக்கோட்டை தனியார் பஸ் ஸ்டாண்டுல 87 டெட்டனேட்டர் கண்டெடுத்தாங்க. சாயங்காலம் கொச்சிக்கடை கோயில் பக்கத்துல நின்ன வேன்ல இருந்த குண்ட எடுக்க போய் அது வெடிச்சே போச்சு, ஜனங்க ஓடறத டிவியில பாத்தோம். நடுராத்திரியில இருந்து அவசரகால சட்டம்.

குண்டு வெச்சது ஒரு உள்ளூர் இஸ்லாமிய தீவிரவாத கும்பல்னு அரசு சொல்லுது. இப்படி நடக்கப் போகுதுன்னு இந்தியாவுல இருந்து ஏப்ரல் 4ம் தேதியே தகவல் குடுத்திருக்காங்க, 11ம் தேதி போலீஸ்ல ஆள் பேரோட கடிதமே போயிருக்கு, ஜனாதிபதி அப்ப வெளிநாட்டுல, பிரதமர் எனக்கு யாரும் சொல்லலங்கறார். ஆன்ட்டி முதல் தடவையா குரல் ஒசத்தினது இதுக்குத்தான். "நாங்கள் ஒரு சைக்கிள்ல சாக்கு கட்டிக்கொண்டு போனாலே பத்து இடத்தில மறிச்சுக் கேட்டவங்கள். இவங்களின்ர பேர் கையில இருக்க, ஒருத்தருக்கும் மறிக்கத் தெரியேல்லையோ?"

ஏப்ரல் 23, செவ்வாய்

தேசிய துக்க நாள். எட்டரைக்கு மூணு நிமிஷ மௌனம். நாங்க பால்கனியில நின்னோம், எதிர் ஃப்ளாட்லயும் ஒவ்வொரு பால்கனியிலயும் ஆளுங்க, வெள்ளைக் கொடி. கீழ ஒரு ஆட்டோக்காரர் இஞ்சின ஆஃப் பண்ணிட்டு இறங்கி நின்னார். கட்டுவாப்பிட்டியவுல பெட்டி பெட்டியா அடக்கம் பண்றத நேரடியா காமிச்சாங்க, அம்மா எழுந்து உள்ள போயிட்டாங்க.

செவ்வாய்க்கிழமை, அந்தோணியாருக்கு போகணும்னு அம்மா. விட மாட்டாங்கம்மா, அந்த ஏரியாவே அடைச்சிருக்குன்னேன். மெழுகுவத்தி இருக்கான்னு ஆன்ட்டிகிட்ட கேட்டு வாங்கி சமையக்கட்டுலயே ஏத்தினாங்க.

மத்தியானம் ரெண்டாவது மாடியில இருக்கற முஸ்லிம் குடும்பத்துல இருந்து அந்த அண்ணன் மேல வந்தார். முப்பத்தஞ்சு வயசு இருக்கும், ஒரு கம்பெனியில கணக்காளர், கதவ தட்டிட்டு மூணு அடி தள்ளி நிக்கறார். பொண்ணுக்கு காய்ச்சல், மருந்து வாங்கணும், மனைவி அபாயா போட்டுட்டு வெளிய போக பயப்படறா, நான் போனாலும் பாக்கற பார்வை ஒரு மாதிரி இருக்கு ஆன்ட்டி, உங்க பையன் யாராவது போவாங்களான்னு கேக்கறார். ஆன்ட்டி மன்னார் பையன அனுப்பல. "சீட்டத் தாரும்"னு வாங்கிட்டு தானே போனாங்க, நானும் கூட போனேன். ஃபார்மசி வாசல்ல பைய திறந்து காமிச்சுட்டுத்தான் உள்ள விட்டாங்க. மருந்து 640 ரூபா. திரும்பி வரப்ப முதல் மாடியில ஒருத்தர், தமிழர்தான், ஆன்ட்டிய நிறுத்தி மெதுவா, அந்த வீட்ட ஒருதடவ செக் பண்ண சொல்லலாமேன்னு ஆரம்பிச்சார். ஆன்ட்டி பதில் பேசாம படியேறினாங்க, முழங்கால் வலியோட நாலு மாடியும் நிக்காம ஏறினாங்க.

அன்னைக்கு ராத்திரி கர்ஃப்யூல தூக்கம் வராம உக்காந்திருந்தப்பதான் அவங்க கதை வந்துச்சு. 96 ஜனவரியில சென்ட்ரல் பாங்க்ல புலிகள் லாரி குண்டு வெச்சு தொண்ணூறு பேருக்கு மேல செத்தப்ப ஆன்ட்டி கொழும்பு கோட்டையில வேலை, கண்ணாடி பொறுக்கி எடுத்த தழும்பு இன்னும் முழங்கையில இருக்கு. ரத்தத்தோட வீட்டுக்கு வந்தவங்களத்தான் அன்னைக்கு ராத்திரி போலீஸ் வந்து நீ யார், எந்த ஊர், ஏன் இங்க இருக்கன்னு கேட்டுச்சாம். அதே வருஷம் ஜூலையில தெஹிவளை ரயில்ல குண்டு, அப்புறமும் அதே கேள்வி. "வெடிக்கிறதும் எங்களுக்குத்தான். வெடிச்ச பிறகு பதில் சொல்லுறதும் நாங்கள்தான்."

2007 ஜூன் 7ம் தேதி விடியக்காலையில வெள்ளவத்தை லாட்ஜ்கள்ல தங்கியிருந்த தமிழங்கள எழுப்பி பஸ்ல ஏத்தி வவுனியா பக்கமும் கிழக்க பக்கமும் அனுப்பிட்டாங்க, முன்னூத்தி எழுவது பேருக்கு மேல. அதுல ஆன்ட்டியோட ஒன்னுவிட்ட தங்கச்சி ஒருத்தங்க, கண் ஆபரேஷனுக்கு வந்தவங்க. சுப்ரீம் கோர்ட் மறுநாளே தடை போட்டுச்சு, ஆனா கட்டு போட்ட கண்ணோட அந்தம்மா அதுக்குள்ள வவுனியாவுல. "அண்டைக்கு இந்த ஒழுங்கையில ஆர் கதவு திறந்தது, ஆர் பூட்டினது எண்டு எனக்கு வடிவா ஞாபகம் இருக்கு." அதுக்கு மேல சொல்லல. கீழ அந்த அண்ணன் வீட்டுல லைட் எரிஞ்சிட்டே இருந்துச்சு, பொண்ணுக்கு காய்ச்சல் இறங்கலையோ என்னவோ.

ஏப்ரல் 24, புதன்

மூணு நாள் அடைஞ்சு கிடந்து, காலையில காத்து வாங்கலாம்னு காலி வீதிக்கு போனோம். ரோல்ஸ் வாங்க நிக்கறோம், ஒண்ணு 60 ரூபா, கடைக்காரர் ஸ்டாக் இல்லன்னு ரெண்டுதான் தந்தார். அப்ப சவோய் தியேட்டர் பக்கத்துல திடீர்னு விசில், போலீஸ் எல்லாரையும் பின்னால தள்ளுது. யாரோட பைக்கோ நிக்குதாம், சொந்தக்காரன காணோம். கூட்டம் ஓடவும் இல்ல கத்தவும் இல்ல, கடை ஷட்டர் மட்டும் படபடன்னு வரிசையா இறங்குச்சு, ஒரு சிங்கள பொண்ணு அம்மா கைய புடிச்சு ஒரு சந்துக்குள்ள இழுத்துக்கிட்டு போனாங்க, அங்க யார் வீட்டு படியிலயோ உக்காந்தோம், அந்த வீட்டுக்காரர் தண்ணி கொண்டு வந்து குடுத்தார். டொம்முனு ஒரு சத்தம். பாத்தா பைக்குல ஒண்ணும் இல்ல, சந்தேகத்துல போலீஸே வெடிக்க வெச்சது. அம்மாவோட ரோல்ஸ் பை நசுங்கி மீன் எல்லாம் கையில. "பைக்குக்காரன் பாவம்"னு அந்த சிங்கள பொண்ணு சைகையிலயே சொன்னாங்க, எல்லாரும் சிரிச்சோம், அப்படி சிரிச்சது கொஞ்சம் அசிங்கமா கூட இருந்துச்சு, அதுக்காக அடக்க முடியல.

செத்தவங்க 359ன்னு செய்தி. பேராயர் மல்கம் ரஞ்சித் யாரையும் பழிவாங்க இறங்காதீங்கன்னு கேட்டுக்கிட்டார். குண்டு வெச்சவங்க உடல எங்க மையவாடியில அடக்க விடமாட்டோம்னு ஜம்இய்யதுல் உலமா (முஸ்லிம் மார்க்க அறிஞர்கள் சபை) சொல்லிடுச்சு. கீழ் வீட்டு அண்ணன் அந்த செய்திய ஃபோன்ல ஆன்ட்டிகிட்ட காமிச்சார், ஏதோ தன்னோட நன்னடத்தை சர்டிஃபிகேட் மாதிரி. ஆன்ட்டி பாக்காமலே "எனக்கு உதொண்டும் வேண்டாம் தம்பி, பிள்ளை சாப்பிட்டவளோ?"ன்னாங்க.

ஏப்ரல் 25, வியாழன்

எங்க ஃப்ளைட் நேரத்த மாத்திட்டாங்க, ஒரு மெசேஜ் இல்ல மெயில் இல்ல. அப்பா திருச்சியில இருந்து கூப்பிட்டு சொல்லித்தான் தெரியும். அந்த கம்பெனி நம்பர்ல நாப்பது நிமிஷம் பாட்டு கேட்டேன், எடுத்தவர் "நாலு மணி நேரம் முன்னாடி வந்துடுங்க மேடம்"னு ஒரே வாக்கியத்தோட வெச்சுட்டார். விடிகாலை ஃப்ளைட், ராத்திரி பத்துக்கு கர்ஃப்யூ. டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் இருந்தா கர்ஃப்யூல ஏர்போர்ட் போலாம்னாங்க. ஆனா எங்கள விட்டுட்டு டிரைவர் எப்படி திரும்பி வருவார்னு யாரும் சொல்லல. மூணு டிரைவர் மாட்டேன்னுட்டாங்க. கடைசியில ஒருத்தர் 4,500 ரூபாய்க்கு வந்தார், சாதாரணமா 3,000தான், கர்ஃப்யூ எடுக்கற வரைக்கும் கார்லயே தூங்கிக்கறேன்னார், நியாயமான கணக்குதான்.

கிளம்பறதுக்கு கொஞ்சம் முன்னால ஒரு ஆட்டோ. துணிக்கடைக்காரர் அம்மாவோட சேலைய பேரன்கிட்ட குடுத்து அனுப்பியிருக்கார். பையனுக்கு பதினெட்டு பத்தொம்பது இருக்கும், புறக்கோட்டையில இருந்து வரதுக்குள்ள எத்தன எடத்துல இறக்கி பைய பிரிச்சாங்களோ, சேலை மடிப்பு கலைஞ்சு ப்ளாஸ்டிக் கவர் கிழிஞ்சிருந்துச்சு. அம்மா ஆட்டோ காசு குடுத்தாங்க, வாங்கல, "அப்பா ஏசுவாங்க"ன்னான். தாடிய புதுசா மழிச்ச மாதிரி கன்னம் மட்டும் வெளுப்பா இருந்துச்சு. ஆன்ட்டி அவன நிக்க வெச்சு பால்தேத்தண்ணி குடிக்க வெச்சுட்டு, போய் சேந்ததும் எனக்கு ஒரு மிஸ் கால் குடுன்னு நம்பர் எழுதி குடுத்தாங்க.

அன்னைக்கு ராத்திரி செத்தவங்க கணக்க சுகாதார அமைச்சு திருத்துச்சு, 359 இல்ல, 253 கிட்டன்னு. உடல்கள் அப்படி சிதறி இருந்ததுல ரெண்டு தடவ எண்ணிட்டாங்களாம். நூறு பேர் குறைஞ்சுதேன்னு நிம்மதிப்படறதா, அத கேட்டுட்டு மேல யோசிக்காம இருக்கறதான்னு தெரியல, கார்ல யாரும் பேசல.

வழியில செக் பாயிண்ட் ஒவ்வொண்ணுலயும் டார்ச் அடிச்சு முகத்தையும் பாஸ்போர்ட்டையும் மாத்தி மாத்தி பாத்தாங்க, எல்லாம் சின்ன பசங்க, தூங்காத கண்ணு, "தேங்க் யூ அம்மா"ன்னு மரியாதையா அனுப்பினாங்க. ஏர்போர்ட் உள்ள டிக்கெட் இல்லாதவங்கள விடல, வாசல்லயே கட்டிப்புடிச்சு அழுது வழியனுப்பற குடும்பங்க, பொட்டி பூரா திறந்து போட்டு சோதனை. அம்மா வெச்சிருந்த ஆன்ட்டி வீட்டு மிளகாத்தூள் டப்பாவ ஒரு போலீஸ்காரம்மா மோந்து பாத்து தும்மி, அதுக்காக எங்ககிட்ட சாரி கேட்டாங்க.

மே 15, திருச்சியில இருந்து

இத எழுதி முடிக்கறதுக்குள்ள மறுபடியும் ஆன்ட்டிக்கு அனுப்பற வாட்ஸ்அப்ல ஒத்த டிக்கே நிக்குது. 13ம் தேதி வடமேல் பக்கமும் மினுவாங்கொடையிலயும் முஸ்லிம்களோட கடை, பள்ளிவாசல், வீடுன்னு அடிச்சு எரிச்சிருக்காங்க, திரும்பவும் கர்ஃப்யூ, திரும்பவும் வாட்ஸ்அப் கட். சாதா கால் போட்டேன். நல்லா இருக்காங்க. துணிக்கடைக்காரரும் நல்லா இருக்காராம், கடை திறக்கறார், ஆள் வரதில்ல.

கீழ் வீட்டு குடும்பம் காலி பண்ணிட்டாங்களாம். யாரும் வெளிப்படையா போகச் சொல்லலையாம். வருஷ ஒப்பந்தம் முடிஞ்சுது, ஓனர் புதுப்பிக்கல, அவ்வளவுதான். அந்த அண்ணன் ஆறு இடத்துல வீடு கேட்டுப் பாத்துட்டு மாமனார் ஊருக்கு போயிட்டார். "எங்களுக்கும் உப்பிடித்தான் சொன்னவை, 83 கலவரத்துக்குப் பிறகு. வீடு இருக்கு, ஆனா சொந்தக்காரர் வரப்போறார் எண்டு. ஒரு வீட்டுக்கும் ஒரு சொந்தக்காரரும் வரேல்ல." அந்த முதல் மாடிக்காரர்தான் இப்ப குடியிருப்போர் சங்கத்துக்கு தலைவராம், வாசல்ல ஒரு பதிவு புஸ்தகம் வெச்சிருக்காராம், வரவங்க போறவங்க எல்லாம் பேரும் அடையாள அட்டை நம்பரும் எழுதணுமாம். ஆன்ட்டி கையெழுத்து போட மாட்டேன்னுட்டாங்க. தினமும் காலையில பாண் வாங்க போறப்ப அந்த புஸ்தகத்த மூடி வெச்சுட்டு போறாங்களாம், அவர் திறந்து வெக்கறாராம்.

"அத விடுங்கோ, அம்மாவைக் கேளுங்கோ, ஆவணியில நல்லூர்த் திருவிழா, நான் ஊருக்குப் போறன், வருவாவோ?"

அம்மா பக்கத்துல இருந்து வருவேன்னு கத்தறாங்க. அப்பா ரெண்டு நாளா பேசறதில்ல. டிக்கெட் இப்ப பாதி விலைக்கு கிடைக்குது.